கையில் ஜி.பி.எஸ்., காலடியில் வரத்துக்கால்

கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கிறது எங்கள் ஊர். ஐப்பசியில் மழை கொட்டினாலும் ஊருணி பாதிக்கு மேல் ஏறுவதில்லை. வற்றாத ஆறு என்று ஒன்று இல்லாத சீமை இது. மேட்டுக்காட்டில் விழும் மழையைச் சேர்த்துக் கொண்டுவரும் வரத்துக்கால்தான் ஊருணிக்கு உயிர். அது மேலே எங்கோ அடைபட்டுக் கிடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். நிலத்தின் சர்வே அளவுகளைக் காட்டும் புலப்படத்தில் கோடு இருக்கிறது. தரையில் சீமைக் கருவேலமும் தைலமரமும் இருக்கின்றன. அந்தக் கோட்டைத் தரையில் பிடித்து, அடைப்பு இருக்கும் இடங்களுக்கு இன்னொருவர் நேராகப் போய் நிற்கும்படி குறித்துக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குக் கையடக்க ஜி.பி.எஸ். கருவி எந்தெந்த விதத்தில் கைகொடுத்தது, எந்த இடத்தில் அதைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

“செல்லுலயே ஜி.பி.எஸ். இருக்கே, இது எதுக்குத் தனியா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். துல்லியம் என்று பார்த்தால் கைபேசி ஒன்றும் தாழ்ந்ததில்லை. இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் புதிய கைபேசிகள், திறந்த வெளியில் என் கருவியைவிட நன்றாகவே இடம் சொல்லும். அவற்றில் சில நம் நாவிக் செயற்கைக்கோள்களையும் எடுத்துக்கொள்கின்றன. வித்தியாசம் வெயிலில் தெரியும். செம்மண் பொட்டலில் பதினொரு மணிக்கு நின்று கைபேசியைப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும். சூடேறியதும் திரை தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வியர்த்த விரலைத் தொடுதிரை மதிக்காது. கருவியின் திரை வேறு வகை: வெயில் பட்டால்தான் அது பளிச்சென்று தெரியும், உச்சி வெயிலில் பின்விளக்கே வேண்டாம். எல்லாம் பொத்தான்கள் என்பதால், முள்ளுக்குப் பயந்து போட்ட கையுறையோடேயே இயக்கலாம். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் இரண்டு பென்சில் செல் வாங்கிப் போட்டு நடையைத் தொடரலாம். இந்தக் காரணங்கள் பொருந்தாத ஆட்கள் தனிக்கருவி வாங்கத் தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

என்னிடம் இருப்பது கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ். 2019இல் வந்த மாடல். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் விட்டுப்போனது. பேட்டரியோடேயே அலமாரியில் கிடந்ததால், திறந்தபோது செல் இரண்டும் கசிந்து, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. இதற்குச் சோடா உப்பு போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். அது கார் பேட்டரி ஆசிட்டுக்கான வைத்தியம். ஆல்கலைன் செல்லில் கசிவது காரம். எனவே அதை முறிக்க லேசான அமிலம் வேண்டும்: வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டுப் பிழிந்து, முனைமேல் வைத்தால் நுரைத்து வரும். நுரை அடங்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்தேன். பிறகு வெற்றுத் தண்ணீரில் ஒருமுறை, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை. ஸ்பிரிங்கின் உட்சுருளில் ஒட்டியிருந்ததை மட்டும் பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். நயம் எமரித்தாளை முனையில் ஓரிரு இழுப்புக்கு மேல் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். கடைசியாக, மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த மணலை ஈரத்துணியால் துடைத்தேன். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அந்த வளையம்தான். ஒரு மணல் துணுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டால் ‘ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்’ என்ற சான்றெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

இப்போது ரீசார்ஜ் செல்தான் போடுகிறேன். அமைப்பில் பேட்டரி வகையை மாற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். வகையைச் சொல்லாவிட்டால் முழுசாகச் சார்ஜ் ஏறிய செல்லையும் கருவி பாதி தீர்ந்ததாகக் காட்டிப் பயமுறுத்தும். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

நெடுநாள் தூங்கிய கருவியை எழுப்பினால் உடனே இடம் சொல்லாது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே சுற்றுகிறது என்ற பஞ்சாங்கம் அதன் நினைவில் பழையதாகியிருக்கும். புதிய பஞ்சாங்கம் முழுவதையும் செயற்கைக்கோளிடமிருந்து வாங்க 12.5 நிமிடம் ஆகும். ஆகவே முதல் நாள், வீட்டு வாசலில் வானம் பார்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட வேண்டியதுதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று நான்கு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். எங்கள் பக்கம் மலையோ மாடிக்கட்டடமோ மறைப்பதில்லை என்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை.

அமைப்பில் நான் மாற்றியவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாங்கியபடியே பயன்படுத்தினால் வம்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஆயத்தொலைவு வடிவம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும் முறை. கருவி டிகிரி, தசம நிமிடம் என்று காட்டும். கைபேசி வரைபடமோ முழுக்கத் தசம டிகிரியில் காட்டும். எங்கள் பக்கத்து இடம் ஒன்றை வாட்ஸ்அப்பில் 10.1730 என்று ஒருவர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 10 டிகிரி 10.380 நிமிடம். அதைக் கவனிக்காமல் 10 டிகிரி 17.30 நிமிடம் என்று தட்டினால், புள்ளி 12 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய் திருமயத்தையும் தாண்டி விழும். கருவி முகம் சுளிக்காமல் அங்கேயே வழி காட்டும். எண் சரியாக இருக்கிறதே என்று நாமும் நம்பிவிடுவோம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று கருவியையும் தசம டிகிரிக்கே மாற்றிவிட்டேன். ஐந்தாவது தசம இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதற்கு மேல் எத்தனை இலக்கம் இருந்தாலும் அலங்காரம்தான்.

அடுத்தது டேட்டம், அதாவது பூமியின் உருவத்தை எந்தக் கணக்கில் வைத்து அளக்கிறோம் என்பது. ஜி.பி.எஸ்ஸுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84. இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ வரைபடத் தாள்கள் எவரெஸ்ட் என்ற வேறொரு கணக்கில் வரைந்தவை. பழைய தாளில் அளந்த எண்ணை அப்படியே கருவியில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். திறந்த வெளியில் அது பெரிய விஷயமாகத் தெரியாது. முள்காட்டுக்குள் நூறு மீட்டர் என்பது வேறு ஊர். பிற்காலத்தில் வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. தாள் தேடுவோருக்கு ஒரு குறிப்பு: பழைய எண் முறையில் கானாடுகாத்தானும் காரைக்குடியும் 58 ஜே/16இல் வரும். தேவகோட்டை 58 கே/13க்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் 10 டிகிரி அட்சரேகை ஓடுவதுதான் காரணம். புதிதாகக் கருவி வாங்கியவர்களுக்கு அதுவே நல்ல பயிற்சி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் இறங்கி, திரையில் 10.00000 வரும் இடத்தைத் தேடி நில்லுங்கள். நான்கு எட்டு தெற்கே வைத்தால் 9.9999 என்று தொடங்கும். கருவி எவ்வளவு ஆடுகிறது, எவ்வளவு தாமதமாகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, சாலையோடு ஒட்டிக்கொள்ளும் அமைப்பு. அதை அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாம் சாலைக்குப் பத்து மீட்டர் தள்ளி வாய்க்காலில் நடக்கும்போது, கருவி நம்மைச் சாலைமேலேயே நடப்பதாகப் பதியும்.

நான்காவது, தடம் பதியும் இடைவெளி. நேரக் கணக்கில் வைத்தால் நின்று பேசும் இடத்திலெல்லாம் கோடு நூல்கண்டு சிக்கியதுபோல் சுற்றிக்கொள்ளும். நான் தூரக் கணக்கில் ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்தேன். வாய்க்காலின் வளைவெல்லாம் அதில் வந்துவிடுகிறது.

ஐந்தாவது, வாஸ் என்று கருவி குறிப்பிடும் திருத்தச் சேவை. அது அமெரிக்கப் பெயர். அதை இயக்கிவைத்தால் இங்கே கிடைப்பது நம் ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக அமைத்தது. ககன் கருவியைச் சுமக்கும் ஜிசாட்-10 செயற்கைக்கோள், 83 டிகிரி கிழக்கில் நிற்கிறது. செட்டிநாடு 79 டிகிரியை ஒட்டி இருப்பதால் அது கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேல். செயற்கைக்கோள் பக்கத்தில் 40, 41 என்ற எண்கள் தென்பட்டு, பட்டைகளில் ‘டி’ எழுத்து வந்தால் திருத்தம் கிடைக்கிறது என்று அர்த்தம். திரை ஓரத்தில் காட்டும் ‘3 மீ’ என்பதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது.

வரைபடம் ஏற்றுவது சுலபம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் கார்மினுக்கென்று செய்த இலவசக் கோப்பை மெமரி கார்டில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். தமிழ் எழுத்து திரையில் வராது, ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான். எங்கள் காட்டுக்குள் அந்த வரைபடத்திலும் வெற்றிடம்தான் என்பது வேறு விஷயம்.

நடக்குமுன் வீட்டில் செய்யும் வேலைதான் பாதி. புலப்படத்தை இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் இருக்காது. சர்வே கல்லிலிருந்து சர்வே கல்லுக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்குதான். எனவே தரையில் மிச்சமிருக்கும் சர்வே கற்கள் சிலவற்றை முதலில் தேடிப் பிடித்து, அவற்றைப் புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். இதற்குக் கருவியில் சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரே கல்லின் மேல் வைத்து, குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளி விட்டு, நான்கிலிருந்து எட்டு முறை அளக்கச் சொல்கிறது கையேடு. செயற்கைக்கோள்கள் இடம் மாறினால்தான் பிழையும் மாறும், சராசரிக்கு அர்த்தம் வரும். ஒரே இடத்தில் தொடர்ந்து பத்து நிமிடம் வைத்துவிட்டு ‘சராசரி எடுத்தேன்’ என்பது பழைய பிழையையே திரும்ப எண்ணுவது. கற்கள் மூன்றுக்கு இருப்பிடம் கிடைத்ததும், கணினியில் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் புலப்படத்தை அவற்றின்மேல் பொருத்தி, வரத்துக்கால் கோட்டின்மேல் நூறு மீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வைத்துக் கருவிக்கு அனுப்பினேன். டிகிரிக்குப் பதிலாக மீட்டரில் இடம் சொல்லும் யு.டி.எம். கட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நம் பகுதி 44ஆம் மண்டலம். மேற்கே 78 டிகிரியைத் தாண்டினால் 43 ஆகிவிடும்.

கருவிக்குக் கோப்பு அனுப்ப மினி யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். இப்போதைய கைபேசிக் கேபிள் எதுவும் சேராது. கடையில் கேட்டால் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைக் கொடுத்துவிடுவார்கள். கணினி கருவியைக் கண்டுகொள்ளவே செய்யாது. தரவு போகும் கேபிள் என்று கேட்டு, கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

நடை புரட்டாசியில். மழைக்கு முன்னால் புல் காய்ந்திருக்கும், பாம்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஊருணியின் வடமேற்கு மூலையில், படித்துறைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் விழும் வாய் கல்லால் கட்டியிருக்கிறது. அங்கிருந்து மேல்நோக்கிப் போனேன். முதல் சில நூறு மீட்டருக்குக் கருவியே வேண்டாம். இரண்டு கரையும் தெளிவாகத் தெரிகிறது, உள்ளே கருவேலம்தான். அதன்பிறகு தார்ச்சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் தைலமரக் காடு.

தைலமரக் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே பருமன், ஒரே இடைவெளி. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் நிழலை வைத்தும் திசை சொல்ல முடியாது. கன்று நடுவதற்காக உழுதபோது வாய்க்காலின் கரை தரைமட்டமாகிவிட்டது. கருவி ‘அடுத்த புள்ளி 62 மீட்டர்’ என்கிறது, அம்புக்குறி இடப்பக்கம் காட்டுகிறது. நின்று திரும்பினால் அம்பு நம்மோடு சேர்ந்து திரும்பாது. இந்த மாடலில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நகர்ந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே அதற்குத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு பதினைந்து எட்டு நேராக நடந்துவிட்டு அம்பைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இதே வரிசையில் வரும் 32எக்ஸ் மாடலில் திசைகாட்டி உண்டு. அதைச் செல் மாற்றியபின் ஒருமுறை மூன்று அச்சிலும் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும், காரின் பக்கத்திலோ இரும்புக் கேட்டின் பக்கத்திலோ நின்று செய்யக் கூடாது.

கருவியைப் பிடிக்கும் விதமும் முக்கியம். இதன் ஆன்டெனா தட்டை வகை. உள்ளங்கையில் மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தால்தான் நன்றாக வாங்கும். சட்டைப்பையில் நிமிர்த்திப் போட்டால் பாதி வானத்தை நம் உடம்பே மறைத்துவிடும். நான் தோள்பையின் வாரில், தோள்மேட்டில் படுக்கிற மாதிரி கட்டிக்கொண்டேன்.

காட்டோரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“என்ன தம்பி, செல்லத் தொலச்சுட்டீகளா?”

“இல்லங்கய்யா. ஊருணி வரத்துக்கால் எங்கிட்டுப் போகுதுன்னு பாக்குறேன்.”

“அது மரம் வைக்கையிலயே போச்சே. இங்க தேடுனா கெடைக்காது. அந்தா, ஒத்தப் பனை தெரியுதா? அதுக்கு அங்கிட்டு தூம்பு ஒண்ணு மண்ணு மூடிக் கெடக்கும். அதப் புடிச்சுக்கிட்டு மேல போங்க, கால் தெரியும்.”

“இந்தப் பொட்டி இங்கதான்னு காட்டுதுங்கய்யா.”

“எனக்குத் தெரியாததா அதுக்குத் தெரியப்போகுது?”

தூம்பு, அதாவது தண்ணீர் போகும் மதகு, அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. புலப்படத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய நாற்பது மீட்டர் கிழக்கே. கருவியின் பிழை அவ்வளவு இருக்காது. கோடு வரைந்த பிறகு ஏதோ ஒரு காலத்தில் வாய்க்காலை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். குச்சிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நின்ற இடம் புள்ளியாகப் பதிந்துவிடும். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தத் தூம்புக்கு இப்போது ஓர் எண் இருக்கிறது. அடுத்த முறை பெரியவர் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்கலாம். இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு இந்த ஒரு வேலைக்கே சரியாகிவிடும். வழி காட்டுவதில் அது பெரிய கில்லாடி இல்லை. வழி தெரிந்தவர் காட்டியதை மறக்காமல் வைத்துக்கொள்வதில் கில்லாடி.

புள்ளிகளுக்குப் பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் குச்சிப் பொத்தானை நகர்த்தித் தேடித் தட்டுவதற்குள் முதுகு காய்ந்துவிடும். தானாக விழும் 001, 002 எண்களையே விட்டுவிட்டு, சட்டைப்பை நோட்டில் எண்ணுக்கு எதிரே தமிழில் எழுதிக்கொண்டேன். ‘014 – தூம்பு, மண் மூடியது, கல் நல்ல நிலை.’ ‘017 – கரை உடைப்பு, மாட்டுவண்டித் தடம் குறுக்கே.’ கூடவே கைபேசியில் ஒரு படம். காகிதம் தீர்ந்துபோகாத பேட்டரி.

மொட்டைக் கிணறுகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கைவிட்ட தோட்டங்களில் சுவரில்லாத பாசனக் கிணறுகள் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. விளிம்புவரை கருவேலம் படர்ந்திருக்கும், கால் வைக்கும்வரை தெரியாது. கண்ணில் பட்ட ஒவ்வொரு கிணற்றையும் குறித்து, அருகாமை எச்சரிக்கை என்ற பகுதியில் 20 மீட்டர் சுற்று வைத்துவிட்டேன். அந்த வட்டத்துக்குள் போனால் கருவி கத்தும். துணைக்கு வந்த பையன்களிடம் கருவியைக் கொடுத்து அனுப்பும்போது எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். ஆனால் நாம் பார்க்காத கிணற்றுக்கு அது கத்தாது. கையில் கம்பு இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை.

திரும்பும்போது ‘வீட்டுக்குப் போ’ என்று நேர்க்கோட்டில் போனால் கருவேல முள்ளுக்குள்தான் கொண்டுபோய் விடும். பறவைக்குத்தான் அந்த வழி. பதிவான தடத்தையே பின்னோக்கிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. வந்த வழியே, வளைவு வளைவாகத் திரும்பலாம். இருட்டுமுன் வெளியே வர வேண்டும் என்றால் இதுதான் உருப்படியான வழி.

இனி உயரம். வாய்க்கால் வேலைக்கு இறங்குபவர்கள் கருவியிடம் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். எந்தப் பக்கம் தாழ்வு என்று அது சொல்லிவிட்டால் போதுமே! சொல்லாது. திரையில் உயரம் மீட்டர் கணக்கில் வருகிறது, நின்ற இடத்திலேயே பல மீட்டர் ஏறி இறங்குகிறது. எங்கள் தரையிலோ முன்னூறு மீட்டருக்கு ஒரு முழம் சரிந்தால் அதுவே நல்ல வாட்டம். என் தடத்தை நம்பினால் தண்ணீர் ஊருணியிலிருந்து காட்டுக்கு ஏற வேண்டும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான், பூமிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் பக்கவாட்டுப் பிழையைவிட உயரப் பிழை எப்போதும் கூடுதல்.

காற்றழுத்தமானி உள்ள 32எக்ஸ் இதற்கு உதவுமா என்று கேட்டார் நண்பர் ஒருவர். நம் வெப்பமண்டலத்தில் தினமும் காலை பத்து மணியளவில் அழுத்தம் ஏறி, மாலை நான்கு மணியளவில் இறங்கும். வித்தியாசம் 3 ஹெக்டாபாஸ்கல் அளவுக்கு வரும். ஒரு ஹெக்டாபாஸ்கலுக்கு எட்டு, ஒன்பது மீட்டர் என்று கணக்குப் போடுங்கள். காலையில் மேசைமேல் வைத்த கருவி மாலையில் எட்டு மாடி ஏறியிருக்கும், மேசை அங்கேயேதான் இருக்கும். குன்றக்குடி படி ஏறிப் பார்க்க நல்ல விளையாட்டு. வாய்க்காலுக்கு ஆகாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில கைபேசிச் செயலிகள் காரைக்குடியில் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாகக் காட்டும். காரைக்குடி கடல்மட்டத்துக்கு மேலே 80 மீட்டரை ஒட்டி இருக்கும் ஊர். கோளாறு செயற்கைக்கோளில் இல்லை. ஜி.பி.எஸ். அளப்பது கணித நீள்வட்ட உருவத்திலிருந்து. உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்பு விசையைப் பொறுத்து மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அப்படிப்பட்ட பள்ளம், 106 மீட்டர், இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். அதன் சரிவில்தான் நாமும் இருக்கிறோம், நம் பக்கத்தில் சுமார் 90 மீட்டர். அதைக் கூட்டிக் காட்டாத செயலி மைனஸ் காட்டும். கையடக்கக் கருவிகள் அந்தத் திருத்தத்தைச் செய்தே காட்டுகின்றன.

ஆகவே மட்டம் பார்க்கக் கொத்தனாரைக் கூப்பிட்டோம். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ட்யூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் அளவு குறித்த குச்சிகளில் கட்டி, பத்துப் பத்து மீட்டராக நகர்த்தியது அந்தக் கோஷ்டி. ஒவ்வொரு முறையும் இரண்டு குச்சிகளிலும் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். தூம்புக்குக் கீழே ஓரிடத்தில் தரை எதிர்வாட்டமாக ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. உழுதபோது ஒதுக்கிய மண். அடைப்பு அங்கேதான். கருவியில் அந்த இடத்தைக் குறித்தோம், கூடவே முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்பும் அடித்தோம். பொக்லைன் ஓட்டுபவருக்கு மூன்று மீட்டர் பிழை என்பது வாய்க்காலின் அகலத்தைவிட அதிகம். அவருக்குக் காட்ட முளைதான் வேண்டும், எண் போதாது.

ஊருணியின் பரப்பைக் கரையைச் சுற்றி நடந்தும் அளந்து பார்த்தேன். பரப்பளவுக் கணக்கு என்று கருவியிலேயே ஒன்று இருக்கிறது. 60 மீட்டருக்கு 60 மீட்டர் இருக்கும் குளத்துக்கு எல்லாப் பக்கமும் மூன்று மீட்டர் வெளியே தள்ளினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும் என்று பயந்தேன். நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை. நிற்காமல் ஒரே சுற்றில் நடந்தால் பிழை பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும். குளம் அப்படியே கொஞ்சம் நகர்ந்து உட்காரும், உருவம் அவ்வளவாகக் கெடாது. பாதி காலையில், பாதி மாலையில் நடந்தால் இரண்டு முனையும் சேராது. எப்படியானாலும் எல்லைத் தகராறுக்கு இந்த அளவைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். அது சர்வேயர் வேலை.

கோப்பு எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். தடமும் புள்ளிகளும் சேமிக்கப்படும் ஜி.பி.எக்ஸ். கோப்பில் நேரம் உலக நேரத்தில் பதியும். காலை 6.30க்கு நடந்தது 1.00 என்று இருக்கும். விடியுமுன் 5.30க்குள் கிளம்பிய நடை முந்தைய நாள் தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கைபேசிப் படங்களைப் புள்ளிகளோடு நேரம் வைத்துப் பொருத்துவதானால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உறவினர்களிடம் கருவி வாங்கிவரச் சொல்லும் வழக்கம் நம் பக்கம் அதிகம் என்பதால் ஓர் எச்சரிக்கை. இதே கடைகளில் இன்ரீச் என்று செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் இருக்கும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் அதோடு பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ். வேறு, இது வேறு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்கச் சொல்லுங்கள்.

நடந்த தடத்தையும் புள்ளிகளையும் ஏ3 தாளில் அச்சடித்து, நோட்டில் இருந்த குறிப்புகளை எண் வாரியாகப் பின்னால் சேர்த்து, ஊராட்சியில் ஒரு பிரதி கொடுத்தாகிவிட்டது. கைபேசியில் திறக்கும் கோப்பு ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. தூம்புக்குக் கீழே இருந்த மண்மேட்டை எடுத்துவிட்டார்கள். தூம்புக்கு மேலே கால் மறுபடி தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அது மாவட்ட எல்லையைத் தாண்டித் திருமயம் தாலுகாவுக்குள் போகிறது. அந்தப் பக்கத்துப் புலப்படங்களை எடுத்து, அங்கே ஒரு சர்வே கல்லாவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தை பிறந்து புல் காய ஆரம்பித்ததும் போவதாக இருக்கிறோம். ஆட்டுக்காரப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால்.